இரண்டாவது முறையும் பிஸ்டன் பிடித்துக்கொண்ட செயின்சா: கோளாறு எங்கே இருக்கிறது?

கேள்வி: பேராவூரணித் தோப்பு

வணக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தோப்பில் பாதிக்கு மேற்பட்ட தென்னைகளைச் சாய்த்துவிட்டது. விழுந்த மரங்களைத் துண்டு போட ஆள் கிடைக்காத அந்த நாட்களில், 58 சி.சி. எஞ்சினும் 22 அங்குலப் பாரும் (சங்கிலி சுற்றியோடும் நீள் தகடு) கொண்ட செயின்சா ஒன்றை வாங்கினேன். அடுத்த ஓராண்டு அது ஓயாமல் உழைத்தது. அதன் பிறகு பட்டுப்போன மரம், வேலியோரத்துச் சீமைக் கருவேலம் என்று எப்போதாவது எடுப்பதோடு சரி. கடைசியாக ஒன்றரை ஆண்டு காலம், டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோலோடு, கொட்டகையிலேயே கிடந்தது.

இந்தக் கோடையில் பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றினேன். நான்கைந்து முறை கயிற்றை இழுத்ததும் ஓடத் தொடங்கியது. ஆனால் ஐட்லிங் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. முழு ரேஸ் கொடுத்து விட்டால் சத்தம் உடனே தணியாமல், சில நொடிகள் உயர்ந்த நிலையிலேயே நின்று பிறகுதான் இறங்கியது. எங்கள் பகுதி மெக்கானிக் ஐட்லிங் திருகைக் குறைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள், தென்னை அடிமரம் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தபோது எஞ்சின் அப்படியே பிடித்துக்கொண்டது. சிலிண்டர், பிஸ்டன், ரிங் மூன்றையும் புதிதாக மாற்றினார். கார்புரேட்டரும் புதிது போட்டார். பத்தே நாளில் மறுபடியும் அதே கதி.

கழற்றிய இரண்டு பிஸ்டன்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இரண்டிலுமே சைலன்சர் பக்கம் மட்டும் ஆழமான நெடுங்கோடுகள் இருக்கின்றன; கார்புரேட்டர் பக்கம் ஏறக்குறைய சுத்தமாக இருக்கிறது. ஆயில் கலந்தது போதவில்லை என்கிறார் மெக்கானிக். உதிரிபாகம் தரமற்றது என்கிறார் இன்னொருவர். நான் லிட்டருக்கு இரண்டு மூடி 2டி ஆயில் (இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) ஊற்றுவது வழக்கம். மூன்றாவது முறையும் சிலிண்டர் வாங்குவதா, எந்திரத்தையே எடைக்குப் போட்டுவிடுவதா என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியோடு இருப்பேன்.

பதில்: வால்பாறைப் பட்டறை

ஐயா, எடைக்குப் போட வேண்டாம். உங்கள் எந்திரம் என்ன கோளாறு என்பதை முதல் நாளே சொல்லிவிட்டது. அதைக் கேட்காமல் ஐட்லிங் திருகைத் திருகியதால்தான் இரண்டு பிஸ்டன்கள் போயின. ரேஸை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் நிற்பதும், ஐட்லிங் தானாக ஏறி இறங்குவதும், எஞ்சினுக்குள் கார்புரேட்டர் வழியாக அல்லாமல் வேறு எங்கிருந்தோ காற்று நுழைகிறது என்பதற்கான அடையாளங்கள். தோட்டங்களில் நிழல் மரம் கழிக்கும் எந்திரங்களைப் பல ஆண்டுகளாகப் பழுது பார்த்துவரும் எனக்கு, ஒரே எந்திரம் இரண்டாம் முறை பிடித்துக்கொண்டு வந்தால் முதலில் எழும் சந்தேகம் இதுதான்.

காற்று நுழைவதற்கும் பிஸ்டன் பிடிப்பதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் அடியில் தனியாக ஆயில் இருக்கும். இரண்டு ஸ்ட்ரோக்கில், பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறைக்குள் தனி ஆயில் கிடையாது. பிஸ்டன் மேலே போகும்போது பெட்ரோலும் ஆயிலும் காற்றும் சேர்ந்த கலவை அந்த அறைக்குள் இழுக்கப்பட்டு, பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துக்கொண்டே மேலே செல்கிறது. கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் காற்றை அடைத்து நிற்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலில் ஒன்று தேய்ந்திருந்தாலோ, கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் பூட் வெடித்திருந்தாலோ, பிஸ்டன் மேலேறும் ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளி வழியாக வெறும் காற்று உள்ளே வரும். கலவையில் பெட்ரோல் குறையக் குறைய எரிப்பின் சூடு ஏறுகிறது. பெட்ரோல் குறைந்தால் அதில் கலந்துள்ள ஆயிலும் குறைகிறது. சூடு கூடி, வழுவழுப்பும் குறைந்தால் முதலில் அடிபடுவது எரிந்த வாயு வெளியேறும் சைலன்சர் பக்கம்தான். நீங்கள் சொல்லும் கோடுகள் அங்கேயே இருப்பது இதனோடு பொருந்துகிறது. ஆயில் கலக்கவே மறந்திருந்தால் கோடுகள் பெரும்பாலும் பிஸ்டனைச் சுற்றிலும் தெரியும்; ஃபில்டர் கிழிந்து தூசி போயிருந்தால் கார்புரேட்டர் பக்கம் மங்கித் தேய்ந்திருக்கும்.

புதிய சிலிண்டரும் புதிய கார்புரேட்டரும் போட்ட பிறகும் இது தொடர்ந்ததில் வியப்பு இல்லை. பழைய சீல்கள் அப்படியே இருக்கின்றன அல்லவா?

எனவே எதையும் வாங்குவதற்கு முன் கசிவுச் சோதனை செய்யுங்கள். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சைலன்சரைக் கழற்றி, பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டை வைத்து, மேலே ஒரு தகட்டை வைத்து அதே போல்ட்டுகளால் இறுக்குங்கள். கார்புரேட்டரைக் கழற்றிய இடத்திலும் ஒரு தகட்டை ரப்பரோடு பொருத்துங்கள். அந்தத் தகட்டின் நடுவில் ஒரு சிறு குழாய் இருக்க வேண்டும். கிராங்க் அறையின் அழுத்தம் கார்புரேட்டருக்கு வந்துசேரும் இம்பல்ஸ் துளையை மட்டும் ரப்பரால் மூடிவிடாதீர்கள், ஏனெனில் பிஸ்டன் கலவை நுழையும் துளையை மறைத்து நிற்கும்போது காற்று அதன் வழியாகத்தான் கிராங்க் அறைக்குள் போகும். பிளக்கை இறுக்கமாகப் போட்டு வைத்துவிட்டு, குழாயில் பழைய இரத்த அழுத்தக் கருவியின் பம்பையும் மீட்டரையும் இணைத்து 250 வரை ஏற்றுங்கள். அது சுமார் 5 பி.எஸ்.ஐ.; இந்தச் சோதனைக்குப் போதுமானது. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை ஒருபோதும் இணைக்காதீர்கள், அது நல்ல சீலையும் பிதுக்கித் தள்ளிவிடும்.

அரை நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால், பாத்திரம் துலக்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, கிளட்ச் பக்கச் சீல், மேக்னெட் பக்கச் சீல், சிலிண்டர் அடிப் பேக்கிங், ரப்பர் பூட், பிளக்கின் அடி ஆகிய இடங்களில் விட்டுப் பாருங்கள். சீல்களைப் பார்க்க வேண்டுமானால் கிளட்ச்சையும் மேக்னெட் சக்கரத்தையும் கழற்றத்தான் வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு வெளியிலிருந்தே பார்த்து முடிவு செய்யாதீர்கள். சோதிக்கும்போதே கிராங்கை மெதுவாகச் சுற்றுங்கள், சில சீல்கள் ஒரு குறிப்பிட்ட நிலையில் மட்டும் கசியும்.

அழுத்தச் சோதனையில் தேறிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக்கூடாது. சீலின் உதடு ஒரு திசையில் அழுத்தத்தைத் தாங்கிவிட்டு, எதிர்த்திசையில் உறிஞ்சும்போது விட்டுக்கொடுப்பது உண்டு. எஞ்சினைக் கெடுப்பது உள்ளே உறிஞ்சப்படும் காற்றுதான் என்பதால், பிரேக் ஆயில் இழுக்கப் பயன்படும் கை வெற்றிடப் பம்பை ஒரு கார் பட்டறையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கி, அதே குழாயில் இணைத்து அந்தச் சோதனையையும் செய்யுங்கள்.

பிடித்துப்போன சிலிண்டரையும் எறிந்துவிடாதீர்கள். பல சமயங்களில் சிலிண்டரின் பூச்சு கெடாமல், பிஸ்டனின் அலுமினியம்தான் அதன் மீது உருகி ஒட்டியிருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் அந்த ஒட்டலின் மீது மட்டும் தொட்டு வைத்தால் நுரைத்துக் கரையும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து திறந்த வெளியில் செய்ய வேண்டும். வாயுத் துளைகளின் விளிம்பில் பூச்சில்லாத அலுமினியம் இருப்பதால் அங்கே அமிலம் படக்கூடாது. நுரை நின்றதும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் அந்தச் சிலிண்டர் இன்னும் உழைக்கும்.

பதில்: கம்பம் ஏலத்தோட்டம்

மேலே சொன்ன சோதனையை முதலில் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "லிட்டருக்கு இரண்டு மூடி" என்ற வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எந்த டப்பாவின் மூடி? சில மூடிகள் 10 மி.லி. பிடிக்கும், சில 5 மி.லி. கூடப் பிடிக்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் அளவுச் சிரிஞ்சு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தரமான ஆயிலாக இருந்தால் 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மி.லி.; ஆயிலின் தரம் உறுதியாகத் தெரியாவிட்டால் 25-க்கு 1, அதாவது 40 மி.லி. டப்பாவின் மீது ஜாசோ எஃப்.டி. என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். டிவிஎஸ் 50 காலத்திலிருந்து தொழில் செய்யும் பெரியவர்கள் பெட்ரோல் பங்க்கில் சில்லறையாக வாங்கிய 2டி ஆயிலையே எல்லாவற்றுக்கும் ஊற்றுவார்கள். அந்த மொபெட் எப்போதாவதுதான் முழு ரேஸில் ஓடும். செயின்சாவோ வேலை செய்யும் நேரமெல்லாம் முழு ரேஸில்தான் ஓடுகிறது. படகு எஞ்சினுக்கான ஆயிலும் இதற்குச் சரிவராது, அது தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது.

அதற்காகப் பயந்துபோய் ஆயிலை அள்ளி ஊற்றவும் கூடாது. 20 மி.லி. ஊற்றும் இடத்தில் 40 மி.லி. ஊற்றினால், கார்புரேட்டரின் அதே துளை வழியாகச் செல்லும் திரவத்தில் பெட்ரோலின் பங்கு சுமார் 2 விழுக்காடு குறைகிறது. வழுவழுப்புக் கூடினாலும் கலவை சற்று மெலிகிறது. அளவை மாற்றினால், கார்புரேட்டரில் முழு ரேஸுக்கான பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் எச் திருகையும் பார்த்துத் திருத்த வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னொரு காரணத்தை யாரும் இன்னும் சொல்லவில்லை. உங்கள் எந்திரம் வாங்கிய காலத்தில் பங்க்கில் கிடைத்த பெட்ரோலில் எத்தனால் மிகக் குறைவு. 2022 ஜூனில் அது நாடு முழுவதும் சராசரி 10 விழுக்காட்டை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு கலந்த இ20 அறிமுகமாகி, 2025-க்குள் ஏறக்குறைய எல்லா இடங்களுக்கும் வந்துவிட்டது. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால், அதே அளவு காற்றுக்கு அதிகமான எரிபொருள் தேவைப்படுகிறது. 5 விழுக்காடு எத்தனாலுக்குத் திருத்திய கார்புரேட்டரில் இ20 ஊற்றினால் கலவை சுமார் 6 விழுக்காடு மெலிந்துவிடும். பைக்கில் உள்ள கணினி இதைத் தானே உணர்ந்து சரிசெய்துகொள்ளும். நம் கையில் இருக்கும் எந்திரத்துக்கு நாம்தான் திருகைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள எஞ்சின் இந்த 6 விழுக்காட்டைத் தாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே சீல் கசியும் எஞ்சினுக்கு இது கூடுதல் அடி.

எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். ஒன்றரை ஆண்டு டேங்கில் கிடந்த உங்கள் பெட்ரோலில், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியே தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். டேங்குக்குள் இருக்கும் ரப்பர் குழாயை விரலால் மடக்கிப் பாருங்கள்; விறைத்து வெடிப்பு விட்டிருந்தால் அந்த வெடிப்பு வழியாகவும் காற்று கலந்து வரும். குழாய், அதன் முனையில் உள்ள ஃபில்டர், இரண்டையும் யோசிக்காமல் மாற்றுங்கள். சிலர் பெட்ரோலில் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி எத்தனாலைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்துகிறார்கள். எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்று அறிய ஒரு கண்ணாடிக் குழலில் அப்படிச் செய்து பார்க்கலாம். அந்தப் பெட்ரோலை எஞ்சினில் ஊற்றாதீர்கள், ஏனெனில் எத்தனால் போனதும் ஆக்டேன் இறங்கி எஞ்சின் தட்டத் தொடங்கும்.

பதில்: குலசேகரம் ரப்பர்க்காடு

2017-இல் ஒக்கிப் புயல் எங்கள் ரப்பர் மரங்களை முறித்துப் போட்டபோது நாங்களும் இப்படித்தான் அவசரமாக எந்திரம் வாங்கினோம். எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டியதைப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் சங்கிலியைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன். இரண்டு முறையும் தென்னையின் அடிமரத்தை அறுக்கும்போதுதானே பிடித்தது? தென்னையில் வெளிவட்டம்தான் கடினம். அடிமரத்தில் அதோடு மணலும் சேர்ந்திருக்கும். மண்ணில் கிடந்த மரத்தை ஒருமுறை அறுத்தாலே பற்களின் முனை மழுங்கிவிடும். மழுங்கிய சங்கிலி செதிளைத் தள்ளாமல் மாவைத் தள்ளும். மாவு வருவதைக் கண்டதும் நாம் எந்திரத்தை அழுத்துகிறோம். எஞ்சின் முழு ரேஸில், குறைந்த வேகத்தில், மிகுந்த சுமையோடு திணறுகிறது. மெலிந்த கலவையில் ஓடும் எஞ்சினுக்கு இதைவிடக் கேடு வேறில்லை.

உங்கள் சங்கிலி .325 அங்குல பிட்ச்சாக (கண்ணிகளின் இடைவெளி அளவு) இருந்தால் 4.8 மி.மீ. உருண்டை அரம் வாங்குங்கள். 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளி, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் ராவுங்கள். நான்கைந்து முறை ராவிய பிறகு பல்லுக்கு முன்னால் உள்ள மேட்டையும் தட்டை அரத்தால் தாழ்த்த வேண்டும்; பல்லைவிட அது 0.65 மி.மீ. தாழ்ந்திருப்பது சரி. அதை விட்டுவிட்டால் பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தைக் கடிக்காது.

தென்னை நாரைப் பற்றியும் ஒரு சொல். அது கிளட்ச் டிரம்முக்குப் பின்னால் நூல் போலச் சுற்றிக்கொள்ளும். எங்கள் பக்கம் ரப்பர்ப் பாலும் மரத்தூளும் சேர்ந்து அதே இடத்தில் பிசினாக இறுகும். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் பக்க மூடியைக் கழற்றித் துலக்குகிறோம்.

பதில்: பேராவூரணித் தோப்பு

மூவருக்கும் நன்றி. இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு, நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

இரத்த அழுத்தக் கருவியில் 250 வரை ஏற்றியதும், பத்து நொடிக்குள் முள் பூச்சியத்துக்கு வந்துவிட்டது. கிளட்ச்சைக் கழற்றியபோது, குலசேகரத்து நண்பர் எழுதியது அப்படியே கண்ணெதிரே இருந்தது: கிராங்க் தண்டைச் சுற்றி நார், கறுத்து இறுகிப்போய், சீலின் உதட்டைப் பாதிச் சுற்றுக்கு அறுத்திருந்தது. சோப்புத் தண்ணீர் விட்டதும் அங்கிருந்து குமிழிகள் கொப்பளித்தன. மேக்னெட் பக்கச் சீல் அழுத்தத்தைத் தாங்கியது. ஆனால் வெற்றிடப் பம்பில் அதுவும் மெல்ல விட்டுக்கொடுத்தது. வால்பாறை ஐயா அந்த இரண்டாவது சோதனையை வற்புறுத்தியிராவிட்டால் ஒரு சீலை மட்டும் மாற்றிவிட்டு மூன்றாவது பிஸ்டனையும் இழந்திருப்பேன்.

இரண்டு சீல்களையும் மாற்றினேன். பழைய சீலை நெம்பி எடுத்தால் தண்டு கீறிவிடும் என்று பயந்து, சீலில் சிறு திருகு ஒன்றை ஏற்றி, அதைக் குறடால் பிடித்து இழுத்தேன். புதியதன் உதட்டில் கிரீஸ் தடவி, அதே அளவுள்ள பாக்ஸ் ஸ்பேனரை வைத்துச் சமமாகத் தட்டி இறக்கினேன். இப்போது இரண்டு சோதனையிலும் முள் அசையவில்லை. டேங்கு குழாயைத் தொட்டதுமே துண்டாகிவிட்டது. அதையும் ஃபில்டரையும் மாற்றியாயிற்று. நான் ஊற்றிய "இரண்டு மூடி" சிரிஞ்சில் அளந்தபோது 13 மி.லி.தான் இருந்தது. மெக்கானிக் ஆயில் போதவில்லை என்று சொன்னதிலும் உண்மை இருந்திருக்கிறது. முதல் சிலிண்டர் அமிலத்தில் சுத்தமாகிவிட்டது, நகம் மாட்டவில்லை. பிஸ்டனும் ரிங்கும் மட்டும் வாங்கினேன்.

இனி கார்புரேட்டரை எப்படித் திருத்துவது என்று சொல்லுங்கள்.

பதில்: வால்பாறைப் பட்டறை

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். ஃபில்டரும் சங்கிலியும் சுத்தமாக இருக்கும் நிலையில்தான் திருத்த வேண்டும். எல் (குறைந்த வேகத்துக்கானது), எச் (முழு வேகத்துக்கானது) இரண்டு திருகுகளையும் மென்மையாக உள்ளே முட்டும்வரை மூடி, பிறகு ஒன்றேகால் சுற்று திறந்து வைத்துத் தொடங்குங்கள். எஞ்சின் சூடான பிறகு, ரேஸ் கொடுத்ததும் தயங்காமல் ஏறும்படி எல் திருகைச் சரிசெய்யுங்கள். அதன் பின்பே ஐட்லிங் திருகு. வேகம் சுமார் 3,000-த்தில் நிலையாக நிற்க வேண்டும், சங்கிலி சிறிதும் நகரக்கூடாது.

எச் திருகில்தான் உங்கள் பிஸ்டனின் ஆயுள் இருக்கிறது. மரத்தைத் தொடாமல் முழு ரேஸ் கொடுக்கும்போது ஒலி கூர்மையாகக் கீச்சிட்டால் கலவை மெலிந்திருக்கிறது. தடித்த, கரகரத்த ஒலி வரும்வரை திருகை வெளியே திறங்கள். மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு மறைந்து ஒலி தெளிய வேண்டும், எடுத்ததும் திரும்ப வர வேண்டும். முதல் ஐந்து டேங்குக்கு அதைவிடச் சற்றுத் திறந்தே வையுங்கள். கொஞ்சம் புகை வந்தால் வரட்டும். மரத்தைத் தொடாமல் முழு ரேஸில் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள். எத்தனால் அளவு மாறும் என்பதால் ஒவ்வொரு புதிய கேன் ஊற்றும்போதும் இந்த ஒலியைக் கேட்டுப் பாருங்கள்.

பத்து டேங்கு ஓடிய பிறகு சைலன்சரைக் கழற்றி, டார்ச் அடித்து, அந்தத் துளை வழியாகப் பிஸ்டனின் பக்கத்தைப் பாருங்கள். நேர்க்கோடு ஒன்று புதிதாகத் தெரிந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு, மீண்டும் முள் வைத்துச் சோதித்து, இங்கே எழுதுங்கள்.